காது முளைத்த கல்லாப்பெட்டி

பசி என்று வந்தவனிடம் "என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் சம்பளம் வேண்டும், படுக்க இடம் வேண்டும், தீபாவளிக்கு லீவு வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அட்வான்ஸ் வேண்டும். இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒழித்துவிட்டு, அந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாக உருவி எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பெட்டி கேட்கும், நீங்கள் சொல்வீர்கள், அது அடுப்படிக்குச் சொல்லிவிடும். மனித குலம் இத்தனை காலம் எதற்குத் தவம் கிடந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கும் குள்ளஞ்சாவடிக்கு அந்தப் பெட்டி இன்னும் வரவில்லை. க்யூஆர் அட்டை வந்துவிட்டது. பத்து ரூபாய் டீக்குப் பணம் போட்டால், பெறப்பட்டது என்று தெருவுக்கே தம்பட்டம் அடிக்கும் ஒலிப்பெட்டி வந்துவிட்டது. பணம் வந்தால் வாய் திறக்கும் பெட்டி ஒன்று ஏற்கெனவே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காது முளைக்க வேண்டியதுதான் பாக்கி. முளைக்கவைத்து விற்பதற்கு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆகவே அது வந்திறங்கும் முன், போன இடங்களில் அது என்ன கிழித்தது என்று பார்த்துவிடுவோம்.

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2019இல் குரல் கேட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு சின்ன கம்பெனியை விலைக்கு வாங்கியது. 2021இல் அதை ஐபிஎம் கையில் ஒப்படைத்து, அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளில், காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போகும் ஜன்னல்களில் மாட்டிப் பார்த்தது. ஐஸ்கிரீம் கேட்ட ஒருவருக்கு அதன்மேல் பன்றிக்கறி வறுவல் போட்டுக் கொடுக்கச் சொன்னது பெட்டி. இன்னொரு காரில் இரண்டு பெண்கள் போதும், போதும் என்று சிரித்துக்கொண்டே கத்த, நூற்றுக்கணக்கான டாலருக்குக் கோழித்துண்டுகளைக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் அதைக் கழற்றிவிட்டது.

டாகோ பெல் என்ற இன்னொரு அமெரிக்கச் சங்கிலி ஓட்டல் இப்படிப்பட்ட பெட்டியை ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளில் மாட்டியது. ஒருவர் பெரிய கோப்பையில் குளிர்பானம் கேட்டார். சரி, அதோடு குடிக்க என்ன வேண்டும் என்றது பெட்டி. குடிக்கத்தான் கேட்டேன் என்றார். சரி, குடிக்க என்ன வேண்டும் என்றது. இன்னொரு ஆசாமி விவரமானவர். எனக்கு 18,000 கோப்பை தண்ணீர் என்றார். பெட்டி வாயடைத்துப் போக, உள்ளேயிருந்து ஒரு மனிதர் ஓடிவந்து பேசினார். எல்லா இடத்துக்கும் இது ஒத்துவருமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனமே சொன்னது. அமெரிக்காவில் ஒரு மனிதக் குரலை வரவழைக்க இன்றைய விலை 18,000 கோப்பை தண்ணீர். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இதெல்லாம் சிரிப்பு. அடுத்தது சிரிப்பு அல்ல.

பிரெஸ்டோ ஆட்டோமேஷன் என்று ஒரு கம்பெனி. ஆர்டர் எடுக்க இனி மனிதரே தேவையில்லை என்று மார்தட்டி, பங்குச் சந்தையில் கடை விரித்து, பெரிய சங்கிலி ஓட்டல்களுக்குத் தன் பெட்டியை மாட்டிக் கொடுத்தது. 2023இல் அது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த தாளில் உண்மை வெளியே விழுந்தது. நூற்றில் எழுபதுக்கு மேற்பட்ட ஆர்டர்களில் எங்கோ ஒரு மனிதர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே? பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில். கடை அமெரிக்காவில், வயிறு அமெரிக்காவில், 'செயற்கை நுண்ணறிவு' மட்டும் ராத்திரி கண்விழித்துக் கூலிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் ஆணையம் அந்தக் கம்பெனிமேல் நடவடிக்கை எடுத்தது. அபராதம்? ஒரு காசு இல்லை. கம்பெனியின் நிதிநிலை பாவம், சரியில்லையாம். பொய் சொன்னவனுக்குக் கஷ்டம் வந்தால் தண்டனை தள்ளுபடி. ஒரு தோசையைக் கைதவறிக் கீழே போட்ட சர்வர் பையனுக்கு இந்தச் சலுகையை எந்த முதலாளியாவது கொடுத்திருக்கிறாரா?

அமேசான் கடைகளில் பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்து போகலாம், கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதன் பின்னால் இந்தியாவில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள் என்று 2024இல் செய்தி வந்தது. அவர்கள் இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள்தான், எண்ணிக்கையும் மிகை என்று அமேசான் மறுத்தது. இருக்கட்டும். இயந்திரத்தின் வாத்தியாருக்கு இயந்திரத்தின் விலையில் எத்தனை பங்கு என்று மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. 2017இலேயே சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோ பரிமாறும் ஓட்டல் திறந்தார்கள். ஆர்டரை டேப்லெட்டில் தட்ட வேண்டும், தட்டை பொம்மை தள்ளிக்கொண்டு வரும். குழந்தைகள் கைதட்டினார்கள். 2023இல் கொளத்தூரில் ஆளே இல்லாத பிரியாணிக் கடை வந்தது. திரையில் தொடு, பணத்தைக் கட்டு, சில நிமிடத்தில் கதவு திறக்கும், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டு. பிரியாணி கிண்டியது மனிதர்தான், அவர் நம் கண்ணில் படக்கூடாது, அவ்வளவே. அவசரத்தில் இருப்பவருக்கு அது வசதி. பேச்சு வராதவருக்கும், பேசப் பிடிக்காதவருக்கும் திரை ஒரு புண்ணியம். அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம், கொளத்தூரின் அவசரத்தைக் கொண்டுவந்து குள்ளஞ்சாவடியின் தலையில் கட்டி, இதுதான் உனக்கும் நல்லது என்று சொல்லப்போகிறவர்கள்மேல்.

அவர்களுக்காக ஒரு காலை வேளையை முன்கூட்டியே நடத்திக் காட்டுகிறேன். நெய்வேலியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், கண் இரண்டும் சிவந்து, பெட்டி முன்னால் நிற்கிறார்.

"தம்பி, ரெண்டு இட்லி வை. சாம்பார மேல ஊத்தாத, பக்கத்துல ஊத்து. வடை சூடா இருந்தா வை, இல்லன்னா வேணாம்."

"இட்லி இரண்டு. சாம்பார் இரண்டு. வடை ஒன்று. இத்துடன் நெய்ப் பொங்கல் சேர்க்கட்டுமா?"

"வடை சூடா இருக்குதான்னு கேட்டேன்."

"வடை இரண்டு. நெய்ப் பொங்கல் சேர்க்கட்டுமா?"

"இன்னாடா இது, உள்ள யாருடா இருக்கீங்க?"

"மன்னிக்கவும். மீண்டும் ஒருமுறை தெளிவாகச் சொல்லவும்."

"காசு மாசக் கணக்குல எழுதிக்க."

"மன்னிக்கவும். மீண்டும் ஒருமுறை தெளிவாகச் சொல்லவும்."

கடைசி வரியைப் பாருங்கள். அந்த இடத்தில் பெட்டிக்குக் காது கேட்காமல் போனது கோளாறு அல்ல. அப்படிக் கேட்காமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள். ஒப்பந்தக் கூலி கைக்கு வரும்வரை டீயும் டிபனும் கடன் நோட்டில் ஏறும். நோட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லா மேசைக்குள் கிடக்கும். யார் கொடுப்பார், யார் இழுத்தடிப்பார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். எந்த வங்கியும் பார்க்காத முகத்துக்குக் கொடுத்த கடன் அது. பெட்டி முதலில் பணம் கேட்கும், பிறகுதான் பசியைக் கேட்கும்.

"சூடா இருந்தா வை" என்ற பேச்சையும் விடக்கூடாது. இதைக் கேட்டவுடன் சர்வர் திரும்பி வடைத் தட்டைப் பார்ப்பார், ஆவி வருகிறதா என்று. வராவிட்டால், அஞ்சு நிமிஷம் பொறுங்கண்ணே, போட்டுட்டிருக்காங்க என்பார். முதலாளிக்குத் தெரியாமல் கண்ணாலேயே வேண்டாம் என்பதும் உண்டு. நேற்றைய வடையைத் தன் கடையில் தானே காட்டிக்கொடுக்கும் அந்தக் கண் ஜாடைக்கு எந்தக் கம்பெனியாவது நிரல் எழுதுமா? எழுதினால் முதலாளி வாங்குவாரா?

சுவரில் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக ஒருவர் பார்க்கிறார். பிறகு வலப்பக்க எண்களை மட்டும் பார்க்கிறார். பையில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரிந்துவிடும். சர்வர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொல்வார்: "இட்லி இப்பதான் எறக்குனது, அதயே சாப்புடுங்க." வந்தவர் மானத்தோடு சாப்பிட்டுப் போவார். ஆர்டர் எடுப்பது என்றால் இதுதான். வாயில் வருவதைக் காகிதத்தில் ஏற்றுவது அதில் கால்வாசிகூடக் கிடையாது. சர்க்கரை நோய்க்காரர் கேட்குமுன் சர்க்கரை போடாத டீ போவதும், அமாவாசை என்றால் அந்த மேசைக்கு வெங்காயம் இல்லாத தோசை போவதும், பஸ் ஹாரன் அடித்தவுடன் பார்சல் கட்டும் கை வேகம் எடுப்பதும் அதில்தான் சேர்த்தி. நெடுஞ்சாலைக் கடைகளில் இன்று இதைச் செய்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். தமிழ் தெரியாமல் வந்து, கெட்டிச் சட்னிக்கும் தண்ணிச் சட்னிக்கும், கலக்கிக்கும் ஆஃப்பாயிலுக்கும் உள்ள பேதத்தை டேபிள் துடைத்தபடியே கற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க எவரும் கோடிகளை முதலீடு செய்யவில்லை. அதனால்தான் அதற்கு அறிவு என்று பெயர் வைக்கவும் இல்லை.

சர்வரை இப்படிப் பாடுவதால் முதலாளிகள் அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கால் கடுக்க நின்றவர் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள் என்று கடைகளுக்குச் சட்டம் எழுத இந்த மாநிலத்துக்கு 2021 வரை ஆனது. சட்டம் இருக்கிறது, நாற்காலியைத் தேடுங்கள். பெட்டிக்கு அந்தக் கஷ்டமில்லை. வந்திறங்கும் அன்றே ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், தூசி படாமல் உறை, கரண்டு போனால் பேட்டரி. மேலே மின்விசிறி ஒன்று அதற்காகவே சுற்றும். அந்த ஸ்டெபிலைசர் காசுக்கு எத்தனை நாற்காலி வரும் என்று கணக்குப் போடத் தெரியாத முதலாளியா அவர்?

சரி, இவ்வளவு சொதப்பும் பெட்டியை ஏன் விடாமல் விற்கிறார்கள்? அது சொதப்பாத வேலை ஒன்று உண்டு. இன்னும் கொஞ்சம் வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு தடவையும், வெட்கமில்லாமல் கேட்கும். மனித சர்வர் ஆளைப் பார்த்துக் கேட்பார், சில சமயம் கேட்க மறப்பார், சில சமயம் மனம் வராமல் விடுவார். பெட்டிக்கு மறதியும் இல்லை, மனமும் இல்லை என்பதே விளம்பரம். அடுத்த கட்டத்தையும் காட்டிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வெண்டீஸ் என்ற அமெரிக்க பர்கர் நிறுவனத்தின் தலைவர் இரண்டு கோடி டாலரில் மின்னணு விலைப்பலகைகள் மாட்டப்போவதாகவும், நேரத்துக்கு ஏற்ப மாறும் விலையைச் சோதிக்கப்போவதாகவும் சொன்னார். ஊரே காறித் துப்பியது. விலையை ஏற்றுவதாக நாங்கள் எங்கே சொன்னோம் என்று பிறகு பின்வாங்கினார்கள். குள்ளஞ்சாவடியில் இதை நினைத்துப் பாருங்கள்: மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் கடைக்குள் ஒதுங்குகிறார்கள், பத்து ரூபாய் டீ பலகையில் பதினெட்டாகிறது. நம் ஊர் டீ மாஸ்டர் அப்படிச் செய்தால் பாய்லரைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி செய்தால் அதற்குப் பெயர் நவீன விலைக் கொள்கை.

பெட்டி யாருடையது என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். கடைக்காரருடையது அல்ல. வாடகைக்கு வரும், மாதம் தவறாமல் பிடித்தம் வரும். இந்தப் படிப்பை நாம் ஏற்கெனவே முடித்துவிட்டோம். வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் செயலிகள் முதலில் தள்ளுபடியோடு வந்தன, பிறகு கமிஷனோடு உட்கார்ந்தன. நூற்றுக்கு முப்பத்தைந்து ரூபாய் வரை பிடிக்கிறார்கள், இதற்குமேல் முடியாது என்று நாமக்கல் ஓட்டல்காரர்கள் 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, ஸொமேட்டோ ஆர்டர்களை எடுக்க மாட்டோம் என்று நிறுத்தினார்கள். வாசலுக்கு வெளியே இருந்த தரகருக்கே முப்பத்தைந்து. கல்லாவிலேயே உட்காரப்போகும் தரகருக்கு எவ்வளவு என்று யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் முதலாளி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வசதி இருக்கிறது, அதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். பெட்டியைத் திட்ட முடியாது. திட்டலாம், வலிக்காது. சாம்பாரில் உப்பில்லை என்றால் சர்வர் முகம் வாடும், மாஸ்டர் காதுக்குப் போகும், மத்தியானம் உப்பு ஏறும். முறையீடு என்றால் எதிரே ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தை எடுத்துவிட்டால் முறையீடே இல்லை. கேட்பார் இல்லாமல் செய்துவிட்டு, குறையே இல்லை என்று அறிக்கை வாசிக்கலாம்.

நேருக்கு நேர் முறையிட்டவர் கதியைத்தான் பார்த்தோமே. 2024 செப்டம்பரில் கோவை அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர், ஒன்றிய நிதியமைச்சர் முன்னால் மைக் பிடித்து, பன்னுக்கு வரியில்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், பில் போடக் கம்ப்யூட்டரே திணறுகிறது என்று கொங்குத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார். அரங்கம் சிரித்தது. மறுநாள் அவர் தனியறையில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார், அந்தக் காட்சி ஊர் முழுக்கச் சுற்றியது. சொன்னவர் இந்தத் தொழிலில் பழுத்த பெரியவர். பெட்டி மட்டும் ஆர்டர் எடுத்திருந்தால் அவமானமே வந்திருக்காது. 18 சதவீதத்தை மறுபேச்சில்லாமல் போட்டிருக்கும், க்ரீமோடு ஜாமும் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கும். ஆள்பவர்களுக்கு எப்படிப்பட்ட குடிமகன் வேண்டுமோ அப்படியே வார்த்து எடுத்த பெட்டி.

கேட்காத காதுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் கதிர் வரும் பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வேண்டும், சுரங்கம் நிற்கக்கூடாது, நிலம் எப்போதோ எடுத்தது, பணமும் கொடுத்தாயிற்று, விதைக்காதே என்று முன்பே சொன்னோம் என்றது நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்எல்சி. எல்லாம் தாளில் சரியாக இருக்கலாம். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர்நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து கேட்டார். பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று பயிருக்கு விலை வைத்தார்கள். வயல் ஓரம் நின்று அழுதவர்கள் சொன்னதை அந்த இயந்திரமும் நன்றாகத்தான் கேட்டது. மன்னிக்கவும், மீண்டும் ஒருமுறை தெளிவாகச் சொல்லவும்.

நெல்லை மிதிக்க ஓர் இயந்திரம், சோற்றுக்கு ஆர்டர் எடுக்க ஓர் இயந்திரம். முதலாவது இறங்கியது மின்சாரத்துக்காக, இரண்டாவது ஓடுவது மின்சாரத்தால். பெட்டியின் மூளை பெட்டிக்குள் இல்லை, எங்கோ பெரிய கூடங்களில் இரவு பகலாகக் கரண்டு குடித்துக்கொண்டு கிடக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாக நிலத்தைத் தோண்டி, பழுப்பு நிலக்கரியை எரித்து, தென்னாட்டுக்கு விளக்கேற்றிய பூமி இது. மண்ணைக் கொடுத்தவனின் பிள்ளை நிரந்தர வேலைக்கு வரிசையில் நிற்கிறான். அது கிடைக்காமல் ஓட்டலில் தட்டெடுக்கப் போனவனை, அதே கரண்டில் ஓடும் பெட்டி வந்து, தம்பி நீ கிளம்பு என்கிறது.

குள்ளஞ்சாவடியிலிருந்து அதே சாலையில் மேற்கே போனால் வடலூர். அங்கே 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அங்கே ஆர்டர் எடுக்க ஆள் கிடையாது, பெட்டியும் கிடையாது. நீ யார், என்ன சாதி, என்ன வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே இல்லாமல் சோறு போடும் சாலை. ஆளில்லா உணவகத்தைக் கண்டுபிடித்தோம் என்று பீற்றுகிறவர்களுக்குக் கேள்வியில்லா உணவகம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இங்கே நடப்பது தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. அதில் கூடுதலாக விற்க எதுவும் இல்லை, பிடித்தம் செய்யக் கமிஷன் இல்லை, முதலீட்டாளருக்குக் காட்டப் படமும் இல்லை.

வியாபாரம் தருமச்சாலை ஆகாது என்பது எனக்கும் தெரியும். கடைக்காரருக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் நிற்பதில்லை என்பதும் தெரியும். அதனால் பெட்டியே கூடாது என்று மறியல் செய்ய நான் வரவில்லை. கொண்டுவாருங்கள். குள்ளஞ்சாவடிக்கே முதலில் கொண்டுவாருங்கள். ஒப்பந்தத்தில் எங்களுக்காக ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியை விற்றவரின் சொந்தக் கைப்பேசி எண்ணை, விலைப்பட்டியலுக்கு மேலே, பெரிய எழுத்தில், பெயிண்டில் எழுத வேண்டும். இரவு பதினொன்றரைக்கு, முட்டை வேண்டாம் என்று சொல்லியும் முட்டைப் பரோட்டாவாகக் கட்டி வந்த பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, செகண்ட் ஷிப்ட் முடித்த ஆள் ஒருவர் கூப்பிடுவார். மனிதக் குரலில் எடுக்க வேண்டும். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று வரக்கூடாது. அவர் பேசப்போகும் தமிழுக்கு எந்த எண்ணையும் அழுத்தத் தேவையிருக்காது.